பெரிய வாய்க்காலுக்கு மேற்கே பழைய வீடு வைத்திருப்பவர்களுக்கு, சாரம் கட்டும் முன்

அன்புள்ள வீட்டுக்காரர்களுக்கும் அவர்களுக்குப் பிளான் போட்டுத் தரும் ஆர்க்கிடெக்ட்களுக்கும்,

வணக்கம். புதுச்சேரியில் பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, வைசியாள் வீதி, ஈஸ்வரன் தர்மராஜா கோயில் தெரு, சம்பா கோயிலுக்குப் பின்பக்கம் என்று எங்கே நடந்தாலும் இப்போது ஏதாவது ஒரு பழைய வீட்டுக்குச் சாரம் கட்டியிருக்கிறது. விசாரித்தால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: "ஸ்டுடியோவா மாத்துறாங்க சார்." ஒரு பெரிய வீட்டை நான்காகவோ ஐந்தாகவோ பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு கட்டில், ஒரு குளியலறை, ஒரு சின்ன சமையல் மேடை. அப்படி மாற்றிய ஒரு வீட்டின் பின்கட்டில்தான் நான் வாடகைக்கு இருக்கிறேன். அதனால்தான் இந்த மடல். உங்களில் பலர் ஊரிலேயே இல்லை. சென்னையிலோ, சொல்தா குடும்பம் (பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்தவர்களின் குடும்பம்) என்றால் பாரிஸ் பக்கமோ இருக்கிறீர்கள். மேஸ்திரி வாட்ஸாப்பில் அனுப்பும் போட்டோவைப் பார்த்துத்தான் வேலை நடக்கிறது. போட்டோவில் எல்லாமே அழகாகத்தான் இருக்கும். அதில் தெரியாத சில விஷயங்களைச் சொல்கிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஸ்டுடியோவே கூடாது என்று சொல்ல வரவில்லை. மூன்று கட்டு வீட்டை இன்று ஒரு குடும்பம் கட்டிக் காப்பது நடக்காத காரியம். தாத்தா பெயரில் பத்திரம், ஏழெட்டு வாரிசு, அதில் பாதிப் பேர் கடல் தாண்டி. பாகம் பிரிக்க வழியில்லாமல் பூட்டிப் போட்டு, கூரையில் அரசமரம் முளைத்து, கடைசியில் இடித்து ஆளுக்கு ஒரு ஃபிளாட் என்று முடிந்த வீடுகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதற்கு ஸ்டுடியோ ஆயிரம் மடங்கு மேல். தவிர, இந்த ஊர் வீடுகள் காலத்துக்குத் தக்கபடி மாறிக்கொண்டேதான் வந்திருக்கின்றன. பிரெஞ்சுக்காரர் காலத்தில் நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையின் வீட்டைப் பாருங்கள், கீழே நம்ம ஊர் மரத்தூண், மேலே பிரெஞ்சு பாணியில் உருண்டைத் தூண். 1761இல் ஆங்கிலேயர்கள் ஊரையே தரைமட்டமாக்கிய பிறகு எழுந்த எத்தனையோ வீடுகளிலும் அதே கலப்பு: கீழே திண்ணையும் முற்றமும், மாடியில் வளைவு ஜன்னலும் சுவரோடு ஒட்டிய அரைத்தூணும். வீடு மாறட்டும். எதை வைத்து மாற்றுகிறீர்கள், மாற்றியபின் யாரை அதில் வைக்கிறீர்கள் என்பதுதான் என் கேள்வி.

சுவரிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் எல்லாத் தொல்லையும் அங்கேதான் தொடங்குகிறது. உங்கள் வீட்டுச் சுவர் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். அஸ்திவாரத்துக்கு மேலே இன்றைக்குப் போடுவது போன்ற ஓதத் தடுப்பு எதுவும் அந்தக் காலத்தில் போடவில்லை. தரையிலிருந்து ஈரம் சுவரில் ஏறும். அது குறையே இல்லை, ஏறிய ஈரம் சுண்ணாம்புப் பூச்சு வழியாகவே காற்றில் போய்விடும் என்று கணக்குப் போட்டுத்தான் கட்டினார்கள். இப்போது மேஸ்திரி என்ன செய்கிறார்? அடிச்சுவரில் பூச்சு பொரிந்திருக்கிறது, அதனால் நாலடி உயரத்துக்குக் கொத்திவிட்டு சிமெண்ட் பூசுகிறார். ஆறு மாதம் பளிச்சென்று இருக்கிறது. உள்ளே இருக்கும் ஈரத்துக்கு வெளியே வர வழியில்லாததால் அது சிமெண்டைத் தாண்டி ஐந்தடி, ஆறடிக்கு ஏறி அங்கே உப்பு பூக்கிறது. உடனே அதற்கு மேலே பட்டி பார்த்து, டேம்ப் ப்ரூஃப் பெயிண்ட் அடித்து, அதுவும் போதாமல் டைல்ஸ் ஒட்டி... ஈரம் விடாமல் இன்னும் மேலே போகிறது. போய்ச் சேரும் இடம் எது தெரியுமா? உத்தரத்தின் தலை. சுவருக்குள் செருகியிருக்கும் அந்த முனையில்தான் மாடியின் முழு பாரமும் உட்கார்ந்திருக்கிறது. தேக்கே ஆனாலும் காற்றே படாத ஈரத்தில் வருடக் கணக்கில் கிடந்தால் மக்கும், மக்க ஆரம்பித்தால் கரையான் வரும், வெளியே பார்ப்பவருக்கு உத்தரம் கம்பீரமாகத்தான் இருக்கும். நடுவில் தட்டிப் பார்த்து "கல்லு மாதிரி இருக்கு சார்" என்பார்கள். முனையை யாரும் பார்ப்பதில்லை.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படித்துச் சொல்லவில்லை. என் அறையில் கட்டிலுக்குப் பின்னால் இருக்கும் சுவரில் சிமெண்ட் பூச்சு முடியும் இடம் கோடு போட்டது போல் தெரிகிறது, கோட்டுக்கு மேலே வெள்ளை வெள்ளையாகப் பொடி. துடைத்தால் ஒரு வாரத்தில் மறுபடி வரும். வேலையைச் செய்த காண்ட்ராக்டர் வந்து பார்த்துவிட்டு, "கடல் பக்கம்னா இப்படித்தான்" என்று சொல்லிவிட்டு இன்னொரு கோட் பெயிண்ட் அடித்துப் போனார். கடல் இந்த ஊருக்கு நேற்று வந்ததில்லையே!

இதைவிட எனக்குக் கோபம் வருவது செங்கல் தெரிய வேண்டும் என்ற ஆசையைப் பார்த்து. எங்கே ஆரம்பித்தது என்று தெரியவில்லை, இப்போது ஒவ்வொரு ஸ்டுடியோவிலும் ஒரு சுவரில் பூச்சு முழுவதையும் கொத்தி எடுத்துவிட்டுச் செங்கல்லை அப்படியே விடுகிறார்கள், மேலே ஒரு மஞ்சள் பல்பு, பக்கத்தில் ஒரு டிரங்குப் பெட்டி. கேட்டால் பழமை என்கிறார்கள். இந்த வீட்டைக் கட்டிய கொத்தனார் அந்தச் செங்கல்லை யாராவது பார்ப்பார்கள் என்று கனவிலும் நினைத்திருக்க மாட்டார்; அது மெல்லிய, மென்மையாகச் சுட்ட நாட்டுச் செங்கல், பூச்சுக்குள் இருக்க வேண்டிய பொருள். உப்புக் காற்றில் திறந்து விட்டால் விரலால் தேய்த்தாலே உதிரும். உதிர்கிறதே என்று மேலே பளபளவென்று ஒரு வார்னிஷ் அடிக்கிறார்கள், அதோடு சுவருக்கு மூச்சு விட மிச்சமிருந்த வழியும் அடைபடுகிறது. கல்யாணப் பெண்ணின் பட்டுப்புடவையை உருவிவிட்டு உள்பாவாடைதான் பழைய மாடல் என்று காட்டுவது போல இருக்கிறது. அந்தச் சுவரில் உண்மையில் பழமையானது நீங்கள் கொத்தி மூட்டையில் கட்டி வெளியே எறிந்தீர்களே, அந்தப் பூச்சுதான். கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்து அரைத்து, பல பூச்சாகப் பூசி, கடைசிப் பூச்சை வழவழவென்று வரும்வரை தேய்த்துத் தேய்த்து ஏற்றியது. ஆர்க்கிடெக்ட்களே, இது முக்கியமாக உங்களுக்கு. வீட்டுக்காரருக்குத் தெரியாது, சரி. உங்களுக்குமா?

அப்புறம் குளியலறை. ஒரு வீட்டை ஐந்தாக்கினால் ஐந்து குளியலறை வேண்டும், அதில் குறைந்தபட்சம் இரண்டையாவது மாடியில்தான் வைக்க வேண்டிவரும், வேறு வழியில்லை. ஆனால் உங்கள் மாடி எப்படி நிற்கிறது என்று ஒரு தடவை அண்ணாந்து பாருங்கள். அது கான்கிரீட் கிடையாது, மெட்ராஸ் டெரஸ். நெருக்கமாகப் போட்ட தேக்குச் சட்டங்கள், அதன்மேல் மெல்லிய செங்கல்லைக் குத்தாக நிறுத்திச் சுண்ணாம்பில் பிடிக்க வைத்த ஒரு அடுக்கு, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து ஆட்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் நாள்கணக்கில் தட்டித் தட்டி இறுக்கிய ஒரு அடுக்கு, கடைசியில் தட்டோடு. மனிதர்கள் நடக்கவும் பாய் விரித்துப் படுக்கவும் அது தாங்கும். அதன்மேல் குளியலறைக்காக முக்கால் அடி உயர்த்தி, உடைந்த செங்கல்லைப் போட்டு நிரப்பி, டைல்ஸ் பதித்து, கம்மோடும் ஷவரும் வைத்து, அது போதாதென்று நேர் மேலே ஆயிரம் லிட்டர் தொட்டியை ஏற்றினால்? ஆயிரம் லிட்டர் தண்ணீர் ஒரு டன். ஒரு டன்னை நூறு வருடச் சட்டத்தின்மேல் வைக்கிறோம் என்று யாராவது ஒருவர் காகிதத்தில் எழுதிப் பார்த்தார்களா என்று கேளுங்கள். குளியலறைகளை முடிந்தவரை தரைத்தளத்தில், கொல்லைப் பக்கம் புதிதாகக் கட்டும் பகுதியில் வையுங்கள். மாடியில் வைத்தே ஆக வேண்டும் என்றால் பாரம் தாங்கத் தனியாக இரும்புச் சட்டம் கொடுத்து, பைப்பைச் சுவரைக் கீறிப் பதிக்காமல் வெளியே தெரியும்படி கொண்டு போங்கள். அழகு குறையும்தான். ஒழுகினால் அன்றைக்கே தெரியும்.

ஒழுகினால் என்ன ஆகும் என்று நம் ஊருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2014 நவம்பர் கடைசியில் கடற்கரைச் சாலையில் மேரி கட்டடம் (பிரெஞ்சுக்காரர் காலத்து நகராட்சிக் கட்டடம்) மழையில் அப்படியே சரிந்து விழுந்தது. பழைய தோற்றத்திலேயே மறுபடி கட்டித் திறக்க 2021 ஆனது. அதற்கு உலக வங்கிப் பணம் வந்தது. உங்கள் வீட்டுக்கு வராது. 2024இல் ஃபெஞ்சல் புயலின்போது ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதே, அன்றைக்கு ராத்திரி எந்த எந்த வீட்டில் யார் விழித்திருந்து வாளி வைத்தார்கள் என்பதை யோசித்துப் பாருங்கள். இந்த விஷயத்துக்கு மறுபடி வருகிறேன்.

முற்றம் பற்றி ஒரு வார்த்தை. வெயிலும் மழையும் உள்ளே வருகிறது என்று பாலிகார்பனேட் ஷீட் போட்டு மூடி, கீழே சோபா போட்டு லாபி ஆக்குகிறீர்கள். முற்றம்தான் அந்த வீட்டின் புகைபோக்கி. வீட்டுக்குள் சூடாகும் காற்று அந்த வழியாக மேலே போகும், தெருப்பக்கமிருந்தும் கொல்லையிலிருந்தும் புதுக்காற்று உள்ளே வரும். மூடியதும் அது அடுப்பு மாதிரி ஆகிவிடுகிறது, அதனால் எல்லா அறைக்கும் ஏசி, ஏசி வைத்ததால் எல்லா ஜன்னலும் நிரந்தரமாகச் சாத்தல். கரண்ட் பில் பற்றி நான் சொல்ல வேண்டாம். ஷீட்டில் விழும் மழைத்தண்ணீரைக் கொண்டுபோக ஒரு தகரக் கால்வாய் வைப்பார்கள், ஐப்பசி மழைக்கு அது நிரம்பி, முன்பு முற்றத்தில் விழுந்து வடிகாலில் போன தண்ணீர் இப்போது நேராகச் சுவருக்குள் இறங்கும். திறந்தே விடுங்கள். ஐந்து ஸ்டுடியோவுக்கும் பொதுவாக ஒரு வானம் இருந்தால் குடியிருப்பவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவாவது செய்வார்கள்.

திண்ணையை கிரில் போட்டு அடைக்காதீர்கள், தாழ்வாரத் தூணை ஏசி அவுட்டோர் யூனிட்டுக்கு ஸ்டாண்ட் ஆக்காதீர்கள், இவை இரண்டையும் ஏற்கெனவே நிறையப் பேர் சொல்லிவிட்டார்கள். வைசியாள் வீதியில் பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பும் அரசும் ஐரோப்பிய யூனியன் நிதியோடு சேர்ந்து வீடுகளின் முகப்பைச் சீர் செய்து 2008இல் யுனெஸ்கோ விருது வரைக்கும் போனது உங்களுக்குத் தெரியும். நல்ல வேலைதான். ஆனால் அதைப் பார்த்துவிட்டு நம் ஆட்கள் கற்றுக்கொண்டது முகப்பை மட்டும்! வெளியே கூரை ஓடும், தூணும், பார்டரும் அப்படியே, உள்ளே காலடி வைத்தால் ஜிப்சம் சீலிங். (நகராட்சிக்கும் இடையில் ஒன்று: ரோடு போடும்போதெல்லாம் பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே போட்டுப் போட்டு, பல வீடுகளில் தெருவே திண்ணைப் படியை விழுங்கிவிட்டது. மழைத்தண்ணீர் வீட்டுக்குள் வருவதற்கு அதுவும் காரணம். அதற்குத் தனியாக ஒரு மடல் எழுத வேண்டும்.)

சரி, இப்போது யாரை வைக்கிறீர்கள் என்ற கேள்விக்கு வருகிறேன். நீங்கள் சொல்லும் கணக்கு எனக்குத் தெரியும். மாத வாடகைக்கு விட்டால் வருவதை, இரவு வாடகைக்கு விட்டால் மாதத்தில் பத்து நாள் ஆள் வந்தாலே எடுத்துவிடலாம். சென்னையிலிருந்து ஈசிஆரில் மூன்று மணி நேரம், பெங்களூருக்காரர்களும் வருகிறார்கள், வெள்ளி ராத்திரி முதல் ஞாயிறு மதியம் வரைக்கும் அறை கிடைப்பதில்லை. கணக்கு சரிதான். ஆனால் அந்தக் கணக்கில் புக்கிங் ஆப் எடுக்கும் கமிஷன், தினசரி துணி வெளுப்பு, சாவி கொடுக்க ஒரு ஆள், அவர் வராத நாளுக்கு இன்னொரு ஆள், வந்தவர்கள் உடைத்துப் போகும் ஃபிளஷ், இவற்றையெல்லாம் எழுதினீர்களா? எழுதியிருந்தாலும் ஒன்றை நிச்சயம் எழுதியிருக்க மாட்டீர்கள்: திங்கள் முதல் வியாழன் வரை வீடு சாத்திக் கிடக்கிறது. சுண்ணாம்பு வீட்டுக்கு அதைவிடக் கெடுதல் வேறு இல்லை. தினமும் காலையில் யாராவது ஜன்னலைத் திறந்து, சாயங்காலம் சாத்தினால்தான் அது காய்ந்து கிடக்கும். நாலு நாள் மூடி வைத்து, பிறகு இரண்டு நாள் ஏசியைப் பதினெட்டில் ஓட்டினால், குளிர்ந்த சுவரில் இந்தக் கடலோர ஈரக்காற்று பட்டுத் தண்ணீராகத் துளிர்க்கும், கட்டில் பின்னாலும் அலமாரி பின்னாலும் பூஞ்சை பிடிக்கும். மாடி பைப்பில் கசிவு வந்தால் குடியிருப்பவன் அன்றைக்கு ராத்திரியே போன் செய்வான். இரண்டு இரவு தங்க வந்தவர் ரிவ்யூவில் எழுதுவார், அதுவும் ஊருக்குப் போனபிறகு. கரையான் மண் புற்றுக் கோடு கதவு நிலையில் விரல் நீளம் இருக்கும்போது பார்ப்பவன் அங்கே சமைத்துச் சாப்பிடுகிறவன்தான். ஃபெஞ்சல் ராத்திரி வாளி வைத்தது யார் என்று கேட்டேனே, ஆள் குடியிருந்த வீடுகளில் வைத்தார்கள். பூட்டியிருந்த வீடுகளில் இரண்டு நாள் கழித்து வந்து, ஊறி உப்பிய தரையையும் கறை படிந்த சீலிங்கையும் பார்த்தார்கள்.

எனவே ஐந்து ஸ்டுடியோ போட்டால் மூன்றையாவது வருட வாடகைக்கு விடுங்கள். இரண்டை டூரிஸ்டுக்கே வைத்துக்கொள்ளுங்கள், நான் ஒன்றும் சொல்லவில்லை. கேட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள்: ஜிப்மரிலும் பல்கலைக்கழகத்திலும் வேலைக்கு வந்த தனி ஆட்கள், பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்துக்கு ஓலைச்சுவடி படிக்க வருகிறவர்கள், ரிட்டயர் ஆகித் தனியாக இருக்கும் டீச்சர்கள், பெரிய மார்க்கெட்டில் கடை வைத்திருக்கும் இளம் ஜோடி. பேச்சிலர் என்றாலும் தனியாக இருக்கும் பெண் என்றாலும் யோசிக்கிறீர்கள், ஆனால் பெயர்கூடத் தெரியாத ஆறு பேருக்கு ஒரு இரவுக்குச் சாவியைக் கொடுக்க யோசிப்பதில்லை. இது எனக்கு இன்றுவரை பிடிபடாத நியாயம்.

இந்தத் தெருக்களுக்கு வாடகைக்காரர்கள் புதிதில்லை. பாரதி 1908 முதல் 1918 வரை இந்த ஊரில் இருந்தது வாடகை வீட்டில்தான். விளக்கெண்ணெய்ச் செட்டியார் என்று பெயர் பெற்ற அவருடைய வீட்டுக்காரர் வாடகை கேட்க வந்து, பாட்டைக் கேட்டுவிட்டு, வந்த விஷயத்தைச் சொல்லாமலே திரும்பிப் போவார் என்று பாரதியோடு பழகியவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். பயப்படாதீர்கள், உங்களை அப்படி இருக்கச் சொல்லவில்லை, நானும் பாடமாட்டேன். வாடகை முதல் தேதி வந்துவிடும்.

சுண்ணாம்பு வேலை செலவு, நாளும் ஆகும் என்பீர்கள். ஆமாம், ஆகும். நீர்த்த சுண்ணாம்பை ஊற வைக்கவே வாரக்கணக்கு வேண்டும், ஒரு பூச்சு காய்ந்தபிறகுதான் அடுத்தது, சிமெண்ட் மாதிரி இன்று பூசி நாளை பெயிண்ட் அடிக்க முடியாது. ஆனால் காற்றிலிருக்கும் கரியமில வாயுவை இழுத்து இழுத்து அது வருடக்கணக்கில் கல்லாகிக்கொண்டே போகும், நீங்கள் சிமெண்டைக் கொத்திக் கொத்தி மறுபடி பூசும் செலவை அதோடு வைத்துப் பாருங்கள். வேலை தெரிந்த கொத்தனார்கள் கிடைக்கவில்லை என்பதும் பாதி உண்மைதான். செட்டிநாட்டுப் பக்கம் இன்னும் இருக்கிறார்கள், இன்டாக்கின் புதுச்சேரிக் கிளையில் கேட்டால் வழி சொல்வார்கள். உங்கள் மேஸ்திரியே வயதானவராக இருந்தால் அவரிடமே கேட்டுப் பாருங்கள், அவருக்குத் தெரிந்திருக்கும். "சீக்கிரம் முடிக்கணும்" என்று நீங்கள் சொன்னதால்தான் சிமெண்ட் மூட்டையை இறக்கியிருப்பார். வீடு முழுவதும் செய்யக் கையில் பணமில்லை என்றால் அடிச்சுவர் நாலடியை மட்டுமாவது சுண்ணாம்பில் செய்யுங்கள், மேலே அடிப்பதையும் சுண்ணாம்பு வெள்ளையாகவே அடியுங்கள். அப்புறம் சாரம் பிரிப்பதற்கு முன்னால், ஒவ்வொரு உத்தரத்தின் முனையையும் சுவரைக் கொஞ்சம் கொத்தித் திறந்து பார்த்துவிட்டு, அந்த இடத்தைக் காற்றுப் போகும்படி லேசாக விட்டுப் பூசச் சொல்லுங்கள். அந்தப் போட்டோவை வாட்ஸாப்பில் அனுப்பச் சொல்லுங்கள்.

என் அறையைப் பற்றி, என் வீட்டுக்காரரும் இதைப் படிப்பார் என்பதால்: கட்டிலுக்குப் பின்னால் இருக்கும் சுவரின் சிமெண்டை ஐப்பசி பிறப்பதற்குள் எடுத்துவிடலாம், பங்குனி, சித்திரையில் ஆரம்பித்தால் காய்வதற்கு நேரம் இருக்கும். வேலை நடக்கும்போது நான் காலி செய்ய வேண்டியதில்லை, கட்டிலை முற்றத்துப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொள்கிறேன், தூசி பரவாயில்லை. கொத்தனாருக்குக் காலையில் கதவு திறக்கவும் டீ வாங்கிக் கொடுக்கவும் ஆள் இருக்கும்.

இப்படிக்கு,
பின்கட்டில் குடியிருப்பவன்